துளை வழியே ஒரு வேர்

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் தட்டைத் தூக்கப் போனேன், அது வரவில்லை. ஒரு முழ நீளமும் 4 விரல் உயரமும் உள்ள சுடுமண் தட்டு. அதில் ஒன்றேகால் அடிக்கு ஓர் ஆலமரம். சித்திரை வெயிலுக்குப் பயந்து மாடியிலிருந்து இறக்கி, கொல்லையில் துவைகல் நிழலில் வெறும் தரையில் வைத்திருந்தேன். ஆடியிலிருந்து மகளின் பேறுகாலத்துக்காகத் திருச்சிக்கும் புதுக்கோட்டைக்குமாக அலைந்துகொண்டிருந்ததால், தண்ணீர் ஊற்றும் வேலையைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டாள். குனிந்து பார்த்தபோது, தட்டின் அடியில் நீர் வடிய விட்டிருந்த துளை வழியே ஒரு வேர், பென்சில் தண்டியில், கொல்லை மண்ணுக்குள் இறங்கியிருந்தது. மேலே புது இலைகள் உள்ளங்கை அகலத்துக்குப் பெருத்துப் பளபளத்தன. இரண்டு கொப்புகள் தட்டின் விளிம்பைத் தாண்டி ஒரு முழம் ஓடியிருந்தன. 12 வருடம் நறுக்கியும் வளைத்தும் நான் காத்துவந்த உருவம் 3 மாதத்தில் கலைந்துபோயிருந்தது. கோபம் வரவில்லை. எதிலோ பிடிபட்டுவிட்டதுபோல இருந்தது. அந்த உணர்வு இன்னும் போகவில்லை. சாயங்காலம் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அதன் முன்னால் உட்காரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: இத்தனை வருடமாக இந்த மரம் என் கையில் வளர்ந்துகொண்டிருந்ததா, காத்துக்கொண்டிருந்ததா?

காத்திருப்பது ஆலுக்குப் பழக்கமான வேலை. மைனாவும் குக்குறுவானும் பழத்தைத் தின்று எச்சமிடும் இடத்தில் விழுகிற விதை அது; கடுகைவிடச் சிறியது. பனையின் மட்டை இடுக்கு, சுவரின் வெடிப்பு, கோபுரத்துச் சுதைப் பொம்மையின் அக்குள் என்று எங்கே கொஞ்சம் தூசியும் ஈரமும் கிடைக்கிறதோ அங்கே முளைக்கும். முளைத்ததும் நாலு இலை விட்டுவிட்டு நின்றுவிடும். வருடக்கணக்கில் அந்த நாலு இலைதான். அதற்குள் ஒரு வேர் மட்டும் சுவரைத் தடவித் தடவிக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். அது தரையைத் தொடுகிற நாள்வரை அந்தச் செடி பசியைப் பழகிக்கொண்டு கிடக்கும். தொட்ட பிறகு அதன் வேகத்துக்கு ஈடில்லை. தட்டில் மரம் வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஆல், அரசு, இச்சி வகைகளைக் கைகாட்டுவதற்குக் காரணம் இதுதான். ஒரு பிடி மண்ணில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க அவற்றுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சரத்துக்கு ஏறுகிற பாறைச் சரிவில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பாறைப் பிளவுகளில் கெண்டைக்கால் உயரத்துக்கு நிற்கிற செடிகளின் அடித்தண்டைத் தொட்டுப் பார்த்தால் கிழட்டு மரத்தின் பட்டை. அங்கே கத்தரி பிடித்தது யாரும் இல்லை. வெயிலும் காற்றும் மேய்கிற ஆடும் நறுக்கிய உருவம் அது. எங்கள் தெற்கு நான்காம் வீதி வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் 2012இல் நான் கண்டதும் அப்படி ஒன்றுதான். வெள்ளையடிக்க வந்தவர் அதைப் பிடுங்கி வேர்த்துளையில் அமிலம் ஊற்றிவிட்டுப் பூசிவிடலாம் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆலை நாம் கும்பிடுகிறோம். கோபுரத்தில் முளைத்த ஆலைக் களைவதையும் தொண்டு என்றே சொல்கிறோம். அப்பரின் கையில் உழவாரத்தைக் கொடுத்து நிறுத்தி வைத்திருப்பவர்கள் நாம். முழு மரத்துக்கு மஞ்சள் துணி, முளைக்கு உழவாரம். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கக்கூடும் என்று நினைத்துத்தான் காரையைச் சுரண்டி அந்தச் செடியை எடுத்தேன். காப்பாற்றுகிறேன் என்றே அன்றைக்கு நம்பினேன்.

தொடங்குகிறவர்கள் எல்லோரும் செய்கிற பிழையை நானும் செய்தேன். ஆலுக்கு முன்பு ஒரு புளியங்கன்றை வாங்கிய அன்றே தாழ்ந்த தட்டில் வைத்து, அழகுக்காகக் கூடத்து அலமாரியில் நிறுத்தினேன். ஒரு மாதத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு அது செத்தது. மரம் மரம்தான்; சின்னதாக இருப்பதால் அது வீட்டுச் சாமான் ஆகிவிடுவதில்லை, வெயிலும் காற்றும் இரவுப் பனியும் அதற்கு வேண்டும் என்பது ஓர் உயிர் போன பிறகே உறைத்தது. குட்டை மரம் என்று தனி இனமும் கிடையாது. சாலையோரத்தில் நிழல் தருகிற அதே புளி, கண்மாய்க் கரையில் விழுது விடுகிற அதே ஆல். போன்சாய் என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நட்டது என்பதற்கு மேல் பொருள் இல்லை. அடித்தண்டு பருக்க வேண்டுமானால் முதல் நாலைந்து வருடம் தரையிலோ பெரிய தொட்டியிலோ இஷ்டத்துக்கு வளரவிட வேண்டும். தட்டில் வைத்த பிறகு தண்டு அவ்வளவாகப் பருக்காது. ஆகவே தொடக்கம் என்பது மரத்தைச் சுதந்திரமாக விடுவதுதான். பிறகே அதை எடுத்துக்கொள்வது. இந்த வரிசையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. நம் ஊரில் பெண்பிள்ளைகளை வளர்த்த முறையும் இதே வரிசைதானே. போன்சாய் என்ற சொல் தமிழ்ப் புதுக்கவிதைக்குள் வந்தபோது பெண்ணின் நிலைக்கு உவமையாக வந்ததில் வியப்பில்லை. 30 வருடம் பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். ஒன்பதாம் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவள் பத்தாம் வகுப்பில் காணாமல் போவதை எத்தனையோ முறை பதிவேட்டில் சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறேன். அந்தக் கையில்தான் இப்போது கத்தரி இருக்கிறது. உவமை என்று ஒதுக்கிவிட்டு என்னால் நகர முடியவில்லை.

தட்டுக்காக ஒரு வேளாரிடம் போனேன். ஆலங்குடிச் சாலையில் அவருடைய சூளை. அய்யனாருக்குக் குதிரை செய்கிற வம்சம். அவர் மகள் என்னிடம் படித்தவள். அடியில் இரண்டு பெரிய துளையும் கம்பி கோக்க நாலு சின்னத் துளையும் வேண்டும் என்று தரையில் வரைந்து காட்டினேன். "சட்டிக்கு ஓட்டை விழுந்தா வித்த காசைத் திருப்பிக் கேப்பாங்க டீச்சர், நீங்க காசு குடுத்து ஓட்டை போடச் சொல்றீங்க" என்றார். என்ன வைக்கப் போகிறேன் என்று கேட்டார். ஆலமரம் என்றேன். கையில் இருந்த களிமண்ணைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டே இருந்தார். "கண்மாக் கரையில வச்சா ஊருக்கு நெழல் ஆச்சே" என்று மட்டும் சொன்னார். அதில் குத்தல் இல்லை. கணக்குப் பார்த்த குரல்தான் இருந்தது. சொன்னபடி தட்டைச் செய்து கொடுத்தார். மண் கலவைக்கு வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை. ஜப்பானியர்கள் அகடாமா என்று ஒரு செம்மண் குருணையைச் சலித்துப் பயன்படுத்துகிறார்கள். நீரைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும் குணம் அதற்கு. நம் மாவட்டத்தில் பாதி இடத்தில் கிணறு தோண்டினால் வருகிற செம்பூராங்கல்லை உடைத்துச் சலித்தால் அந்த வேலைக்கு ஆகிறது. கடுகு அளவுக்கும் பட்டாணி அளவுக்கும் இடைப்பட்ட குருணை, அதோடு செங்கல் துண்டு, மக்கிய இலையுரம் ஒரு பங்கு. தூசியை நீக்கிவிட வேண்டும். தூசி தங்கினால் நீர் நின்று வேர் அழுகும். நீர் ஊற்றுவதுதான் இந்தக் கலையில் கற்றுக்கொள்ள நெடுங்காலம் பிடிப்பது. மூங்கில் குச்சியை மண்ணில் செருகி எடுத்து, அதன் ஈரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். வேளை பார்த்து ஊற்றக் கூடாது, மண் காயப்போகிற நேரம் பார்த்து ஊற்ற வேண்டும். கத்தரி வெயிலில் ஒரு நாளைக்கு 3 முறை. வானம் பார்த்த பூமியில் பிறந்தவளுக்கு ஒரு செம்புத் தண்ணீரின் மேல் இவ்வளவு கவனம் வைப்பது புதிதாக இல்லை. ஆனால் கண்மாய்க்கு வானம் பொறுப்பு. இந்தத் தட்டுக்கு வானம் நான்தான்.

வெட்டுவதைப் பற்றிச் சொல்லாமல் தாண்டிப்போக முடியாது. கத்தரி வெயில் கழிந்து முதல் மழை விழுந்து கொழுந்து கிளம்பும்போது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மரத்தைத் தட்டிலிருந்து எடுப்பேன். மண்ணை ஈர்க்குச்சியால் மெல்லக் கோதிவிட்டால் வேர்கள் தட்டின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றி முடைந்து கிடக்கும். மூன்றில் ஒரு பங்கை நறுக்குவேன். வெட்டிய இடத்திலெல்லாம் பால் துளிர்க்கும். தண்ணீர் தெளித்தால் நின்றுவிடும், ஆனால் விரலில் ஒட்டிய பிசின் இரவுச் சாப்பாட்டு வரைக்கும் போகாது. கொப்பை வளைக்கக் கம்பி சுற்றுவதும் அப்படித்தான். கொப்பின் பருமனில் மூன்றில் ஒரு பங்குத் தடிமன், சாய்வாக, நெருக்காமல் சுற்ற வேண்டும். தொடங்குகிறவர்களுக்கு அலுமினியக் கம்பி போதும். நான் செப்புக் கம்பியைச் சுட்டு ஆறவைத்துப் பயன்படுத்துகிறேன். இளகிய செம்பு வளைக்க வளைக்க இறுகிக்கொள்ளும். வளர்கிற பருவத்தில் ஆலின் பட்டை சீக்கிரம் பருத்துக் கம்பியை விழுங்கப் பார்க்கும். வாராவாரம் பார்த்து, பட்டையில் தடம் விழுவதற்கு முன்னால், சுற்றை அவிழ்க்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுத்துவிட வேண்டும். ஒருமுறை தவறினேன். அந்தத் தழும்பு இன்னும் இடதுபக்கக் கொப்பில் திருகாணி மரைபோல இருக்கிறது. மரத்துக்கு வலிக்குமா என்று யாராவது கேட்கும்போது எனக்குச் சித்தன்னவாசல்தான் நினைவுக்கு வரும். அங்கே ஏழடிப்பட்டத்துக் குகையில் சமண முனிவர்கள் படுத்த கல்படுக்கைகள் இருக்கின்றன. தலை வைக்கிற இடத்தில் கல்லிலேயே ஒரு மேடு. உணவைக் குறைத்து, உடையை விட்டு, உடம்பை அந்தக் கல்லின் அளவுக்குச் சுருக்கிக்கொண்டவர்கள் அவர்கள். அந்த வழுவழுப்பின் மேல் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். குறைத்துக்கொள்வதில் ஒரு பெருமை உண்டு என்று அந்தக் கல் சொல்லும். ஆனால் அவர்கள் தாமே அந்த மலை ஏறினார்கள். என் ஆலை நான் ஏற்றினேன். இந்த ஒரு வேறுபாட்டை எந்த அழகாலும் எனக்கு நிரப்பத் தெரியவில்லை.

2018 நவம்பர் 15 இரவு புயல் வருகிறது என்றார்கள். வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா விடியும்போது எங்கள் மாவட்டத்துக்குள் இருந்தது. இருட்டுவதற்கு முன்பே தட்டை எடுத்து உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். இரவெல்லாம் ஓடு பறக்கும் சத்தமும், எங்கோ மரம் முறிந்து ஓலமிடும் சத்தமும். விடிந்து கதவைத் திறந்தால் தெருவில் வேப்பமரம் படுத்திருந்தது. ஒரு வாரம் கழித்து, ஆலங்குடி தாண்டி வடகாடு, கீரமங்கலம் வரைக்கும் பஸ்ஸில் போனேன். தலைமுறை தலைமுறையாகப் பழம் கொடுத்த பலா மரங்கள் வேரோடு புரண்டு கிடந்தன. வேர்ப்பள்ளத்தில் ஆள் நிற்கலாம். தென்னையை நாம் பிள்ளை என்று எண்ணுகிறவர்கள். தோப்பில் விழுந்து கிடந்த மரங்களுக்கு நடுவே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்த ஒரு பெரியவரைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலடியிலிருந்து தட்டை இழுத்தேன். ஓர் இலை உதிரவில்லை. அந்தச் சமயத்தில் எனக்கு வந்தது நிம்மதி. அதற்கு அடுத்த கணம் வெட்கம். அத்தனை மண்ணைப் பிடித்திருந்த மரமெல்லாம் போக, மண்ணே இல்லாதது பிழைத்திருக்கிறது. மரம் ஊருக்குக் கொடுப்பது. இது என்னிடம் வாங்கிக்கொண்டு மட்டும் இருப்பது. அன்றைக்கு அதை யாருக்கும் காட்ட எனக்கு மனம் வரவில்லை. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில், எங்கோ போய்க் குடத்தில் கொண்டுவந்த தண்ணீரில் ஒரு செம்பு அதற்கும் போனது.

எங்கள் மாவட்டத்தில் மரத்தைக் காப்பாற்ற இன்னொரு முறை இருக்கிறது. அது இதற்கு நேர் எதிர். கோயில்காடு என்று சொல்வோம். ஊருக்கு வெளியே அய்யனார், சுற்றிலும் காசாவும் வீரையும் பாலையும் காட்டெலுமிச்சையும் பின்னிக் கிடக்கிற இருட்டு. அங்கே விறகுக்காக ஒரு சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது. விழுந்த கொம்பு விழுந்த இடத்திலேயே மக்க வேண்டும். செருப்பை வெளியே விட்டுவிட்டு நுழைந்தால் காலடியில் சருகு மெத்தைபோல அமுங்கும். குளமங்கலத்தில், மாசி மகத்தன்று குதிரைக்குக் காகிதப்பூ மாலைகள் மலையாகக் குவிகிற கோயிலில், சாமியின் பெயரே பெருங்காரையடி மீண்ட அய்யனார். காரை மரத்தடிதான் அவருக்கு முகவரி. மரத்தைத் தொடாமல் இருப்பதே அங்கே பக்தி. என் மாடியிலோ தொடாமல் இருந்தால் மரம் சாகும். தொடாதே என்பதும் தினம் தொடு என்பதும் ஒரே அன்பின் இரண்டு பக்கமா என்று வெகுநாள் யோசித்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கோயில்காட்டில் நின்றால் மரம் இருக்கிறது, நான் வந்து போகிறேன். தட்டின் முன்னால் நின்றால் நான் இருக்கிறேன், அதனால் மரம் இருக்கிறது. இரண்டாவதில் ஒரு மயக்கம் உண்டு. ஓர் உயிர் நம்மை இவ்வளவு நம்பியிருக்கிறது என்ற நினைப்பு, முதுமையில், பிள்ளைகள் தொலைவில் இருக்கும் வீட்டில், பெரிய துணை. அந்த நம்பிக்கையை உண்டாக்கியதும் நாம்தான் என்பதை அப்போது மறந்துவிடுகிறோம்.

ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தார் வளர்த்த ஒரு வெண்பைன் மரம் உண்டு. 1625 முதல் தட்டில் பழக்கப்பட்டது என்று கணக்கு. 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டரில், ஒரு மதிலின் மறைவில் இருந்ததால் தப்பியது. 1976இல் மசாரு யமாகி அதை அமெரிக்காவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். வாஷிங்டனில் தாவரத் தோட்டத்துக்காரர்கள் 25 வருடம் அதற்கு நீர் வார்த்தார்கள், அது எதிலிருந்து பிழைத்து வந்தது என்று தெரியாமலே. 2001இல் பேரப்பிள்ளைகள் அதைப் பார்க்க வந்தபோதுதான் கதை வெளியே வந்தது. அணுகுண்டைத் தாண்டி வந்தது பெரிய செய்திதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, கிட்டத்தட்ட 400 வருடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கை ஒரு வெயில்காலம்கூட விட்டுப்போகவில்லை என்பது. குண்டு போட்ட தேசத்தின் கையும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருப்பது புதிதில்லை. போனில் ஒருநாள், "அம்மா, உங்களுக்கு அப்புறம் அந்த மரத்தை என்ன செய்றது?" என்றான். அக்கறையாகத்தான் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. ஆல் என்னைவிட நூறு வருடம் அதிகம் இருக்கக்கூடியது. அதை ஒரு நாள்கூடத் தனியே இருக்க முடியாததாக ஆக்கிவைத்திருக்கிறேன். தொடங்க விரும்புகிற யாராவது என்னிடம் வந்தால், எந்தச் செடி, எந்தக் கத்தரி என்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்: முடிக்கிற நாள் இல்லாத ஒன்றைத் தொடங்குகிறீர்கள். உங்கள் ஆசைக்காக எடுக்கிற கடன் இது. அதை அடைக்கப் போவது உங்களுக்குப் பின்னால் வருகிற கை.

அந்த ஐப்பசிக் காலையில் துளை வழியே போன வேரைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்படியே விட்டுவிடலாம், தட்டு தானே வெடித்துவிடும். ஆனால் துவைகல்லிலிருந்து வீட்டுச் சுவர் 5 அடி. பத்து வருடத்தில் அது அஸ்திவாரத்துக்குள் போகும், யாராவது அமிலப் புட்டியோடு வருவார்கள். வேளார் சொன்ன கண்மாய்க் கரை இருக்கிறது. ஓர் ஆட்டோ பிடித்தால் போதும், தட்டை உடைத்து நட்டுவிட்டு வரலாம். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் கொண்டுபோனால் பிறகு அது தன்னைப் பார்த்துக்கொள்ளும். கஜாவுக்குப் பிறகு நிழலில்லாத கரைகள் எத்தனையோ. இதற்கு எதிராக என்னிடம் ஒரு நியாயமும் இல்லை. எனக்கு அது வேண்டும் என்பதைத் தவிர. காப்பாற்றுகிறேன் என்று சொல்லித் தொடங்கியது 12 வருடத்தில் தேய்ந்து தேய்ந்து இந்த ஒரு சொல்லில் வந்து நின்றது. கத்தரியைக் கொண்டுவந்து தட்டுக்கும் தரைக்கும் நடுவில் நறுக்கினேன். பால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. ஓடியிருந்த இரண்டு கொப்புகளையும் ஒடுக்கினேன். நாலாம் நாள் இலைகள் மஞ்சளாகி எல்லாம் கொட்டின. வெறும் கொம்பாக மூன்று வாரம் நின்றது. அந்த மூன்று வாரமும் திருச்சிக்குப் போகவில்லை, பேரனைப் பார்க்கவில்லை. குச்சியைச் செருகி எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதும் ஊற்றுவதுமாக இருந்தேன். கார்த்திகைப் பிறப்பன்று தழும்புள்ள அந்த இடதுபக்கக் கொப்பின் நுனியில், அரிசியளவு, ஒரு குருத்து. இப்போது தட்டை இரண்டு செங்கலின் மேல் வைத்திருக்கிறேன், துளைக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் காற்று. தண்ணீர் ஊற்றி முடித்ததும் கையை அடியில் விட்டுத் துளையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். நேற்று சாயங்காலம் விரலில் ஏதோ மெல்லியதாக, நூல்போல, ஈரமாகப் பட்டது.